கேஷுவாலிட்டியில் சொன்ன ஒரே வரி

வணக்கம் மக்களே. நடுவில் குக்கர் விசில் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், இந்த வீட்டில் சமையலறை வாசலில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. இதோ இந்த மஞ்சப்பை. என் மச்சானுடைய விபத்துக் கதை மொத்தமும் இதற்குள்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால் காலை ஷிஃப்டுக்கு பைக்கில் போனவரை ஒரு கார் பின்னாலிருந்து தட்டிவிட்டது. வலது கால் எலும்பு முறிவு. கேஷுவாலிட்டியில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டிருக்கிறார்கள். கூடப் போன நண்பர், ஸ்டேஷன், கேஸ் என்று அலைய வேண்டுமே என்று பயந்து, "வண்டி ஸ்லிப் ஆகி விழுந்துட்டாரு" என்று சொல்லிவிட்டார். அது அப்படியே ஏ.ஆர். புத்தகத்தில் ஏறிவிட்டது. விபத்துப் பதிவேட்டைத்தான் ஏ.ஆர். என்பார்கள். இதோ காப்பி. இதில் கார் என்ற சொல்லே இல்லை பாருங்கள்!

பிறகு எஃப்.ஐ.ஆர். போட்டு, தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்டோம். இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் நீட்டியது இந்த வரியைத்தான். எதிரில் இருந்த கடையின் சிசிடிவி பதிவு இல்லையென்றால் அன்றே கதை முடிந்திருக்கும். நண்பர் மேல் கோபமில்லை, நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

விபத்து நடந்த அன்று மருத்துவமனையில் அட்வான்ஸ் கட்டக் கடன் வாங்கி ஓடினோம். 2021 டிசம்பரிலிருந்தே தமிழ்நாட்டில் 'நம்மைக் காக்கும் 48' இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்றால், அரசோ தனியாரோ, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டாம், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. "இங்கே 48 இருக்கா?" என்று கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

அப்புறம் இது. கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். ஏதாவது தெரிகிறதா? எனக்கும் தெரியவில்லை. 6,840 ரூபாய் மருந்து பில்! பைக்கின் டேங்க் கவரில் வெயில் பட்டு வெளுத்துவிட்டது. இந்த வழவழப்பான தாள் பில்லை எல்லாம் வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, மச்சானுக்கு இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு, உண்டு. வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டாலும், வேலைக்காகத்தான் போனார் என்று நிரூபித்தால் அதுவும் பணிக்காயம்தான். வீட்டில் கிடக்கும் நாட்களுக்கு ஏறக்குறைய 90 சதவீதச் சம்பளம் கிடைக்கும். ஆனால் கம்பெனியிலிருந்து விபத்து அறிக்கை போக வேண்டும். எச்.ஆர். என்ன சொன்னார் தெரியுமா? "ரோட்டுலதானே விழுந்தாரு, கம்பெனிக்குள்ள இல்லையே?" அந்த வார ஷிஃப்ட் சார்ட்டைப் படம் எடுத்து வைத்திருந்தார் மச்சான். காலை ஆறு மணி ஷிஃப்ட், அடிபட்டது ஐந்தே முக்காலுக்கு. அதைக் காட்டிய பிறகுதான் அறிக்கை போனது.

சரி, மூன்றாவது விசில் வந்துவிட்டது. பருப்பு குழைந்துவிடும், வருகிறேன்.