மெய்நிகர் கணினிக்குள் யூஎஸ்பி சாதனம் தெரியவில்லையா?

[திரையில்: உபுண்டு திரை. அதன் மேல் விர்ச்சுவல்பாக்ஸ் சாளரம், உள்ளே விண்டோஸ் 7]

குரல்: பழைய ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் போன்றவற்றுக்காகவே பலர் லினக்ஸுக்குள் ஒரு விண்டோஸை வைத்திருக்கிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் உருவாக்கும் இந்தக் ‘கணினிக்குள் கணினி’தான் மெய்நிகர் கணினி. கேபிளைச் செருகியும் உள்ளே எதுவும் தெரியவில்லை என்றால், உடனே சாதனத்தை இயக்கும் மென்பொருளான விண்டோஸ் டிரைவரைத் தேடிப் போகாதீர்கள். ஒரு யூஎஸ்பி சாதனம் ஒரு நேரத்தில் ஓர் இயங்குதளத்தின் வசம்தான் இருக்கும். இப்போது அது யார் வசம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

[திரையில்: லினக்ஸ் டெர்மினல். கட்டளை: ‘விபாக்ஸ்மேனேஜ் லிஸ்ட் யூஎஸ்பிஹோஸ்ட்’]

குரல்: ஒவ்வொரு சாதனத்துக்கும் கீழே அதன் நிலை வரும். ‘கேப்சர்டு’ என்றால் மெய்நிகர் கணினி அதை எடுத்துக்கொண்டுவிட்டது. டிரைவரைச் சந்தேகிக்க வேண்டிய நேரம் இதுதான். ‘பிஸி’ என்றால் லினக்ஸ் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. ஆனாலும் விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் டிவைசஸ் மெனுவில் தேர்ந்தெடுத்து உள்ளே இழுக்கலாம். பென்டிரைவாக இருந்தால் அதற்கு முன் லினக்ஸில் அன்மவுண்ட் செய்து, அதாவது பாதுகாப்பாக விடுவித்துவிடுங்கள். எழுதும்போது பிடுங்கினால் கோப்புகள் கெட்டுப்போகும்.

பட்டியலே காலியா? அப்படியானால் உங்கள் பயனர் கணக்கு ‘விபாக்ஸ்யூசர்ஸ்’ குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான்.

[திரையில்: ‘யூசர்மாட்’ கட்டளை. ‘-ஏஜி’ என்ற பகுதி மஞ்சள் நிறத்தில்]

குரல்: குழுவில் இல்லையென்றால் ‘யூசர்மாட்’ கட்டளையால் சேர்த்துவிடுங்கள். இந்தக் கட்டளையில் ‘ஏ’ என்ற எழுத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால் நீங்கள் ஏற்கெனவே இருக்கும் மற்ற துணைக் குழுக்களிலிருந்து நீக்கப்படுவீர்கள். நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’ குழுவும் அதில் போய்விடும். சேர்த்த பின் லாக்அவுட் செய்து மீண்டும் நுழையுங்கள். மெய்நிகர் கணினியை மட்டும் மறுதொடக்கம் செய்வதால் பயனில்லை.

[திரையில்: மெய்நிகர் கணினியின் யூஎஸ்பி அமைப்புகள்]

குரல்: அடுத்தது கன்ட்ரோலர், அதாவது மெய்நிகர் கணினியின் யூஎஸ்பி இணைப்பைக் கையாளும் பகுதி. விண்டோஸ் 7-இல் யூஎஸ்பி 3.0-க்கான டிரைவர் உடன்வருவதில்லை. மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு 2.0-ஐத் தேர்ந்தெடுங்கள். 2022-இல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7.0-க்கு முந்தைய பதிப்பு என்றால் எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் தொகுப்பும் வேண்டும்.

[திரையில்: யூஎஸ்பி ஃபில்டர் சாளரம்]

குரல்: சாதனம் ஒவ்வொரு முறையும் தானாக உள்ளே போக, எந்தச் சாதனம் என்று அடையாளம் சொல்லும் விதியான ஃபில்டர் உதவும். எல்லாக் கட்டங்களையும் காலியாக விட்ட ஃபில்டர் வேண்டவே வேண்டாம். உங்கள் விசைப்பலகை, மவுஸ் உட்பட எதையும் அது உள்ளே இழுக்கப் பார்க்கும். தயாரிப்பாளரைக் குறிக்கும் வெண்டர் ஐடி, சாதனத்தைக் குறிக்கும் புராடக்ட் ஐடி இரண்டையும் நிரப்புங்கள். போர்ட் எண்ணையும் நிரப்பினால், கேபிளை வேறு துளையில் மாற்றிச் செருகியதும் ஃபில்டர் பொருந்தாது.

ஆண்ட்ராய்டு கைபேசிக்கு ஃபர்ம்வேர் (அதன் அடிப்படை மென்பொருள்) ஏற்றுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கைபேசி, மென்பொருள் ஏற்றுவதற்கான ஃபாஸ்ட்பூட் நிலைக்குப் போகும்போது அதன் ஐடி மாறலாம். ஃபில்டருக்கு அது புதிய சாதனம். வேலை பாதியில் நின்றுவிடும். ஏற்றத் தொடங்குமுன் கைபேசியை அந்த நிலையில் வைத்து, அதே பட்டியல் கட்டளையால் புதிய ஐடியைக் குறித்துக்கொண்டு, அதற்கென இரண்டாவது ஃபில்டர் சேர்த்துவிடுங்கள்.