அணுக்கழிவுப் பெட்டி எத்தனை காலம் தாங்கும்?

வணக்கம். சிங்கப்பூரில் அணுசக்திப் பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது. அப்போதிருந்த உலைகள் நமக்கு ஒத்துவராது என்று 2012இல் சொன்ன அரசாங்கம், இப்போது புதுவகை உலைகளை ஆராய்கிறது. சரி, உலை வந்தால் கழிவும் வரும். அதை எதில் அடைப்பது?

(திரையில்: புளூட்டோனியம்-239)

எரிந்து முடிந்த எரிபொருளில் உள்ள இந்தக் கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் எந்த ஆய்வுக்கூடமும் ஓர் உலோகத்தைச் சோதிக்க முடியாது. அதனால் மண்ணுக்குள் பழைய உலோகங்கள் என்ன ஆயின என்றும் பார்க்கிறார்கள்.

(திரையில்: இரும்பு ஆணிகள்)

ஸ்காட்லாந்தில் இஞ்ச்டுதில் என்ற இடத்தில், சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் ரோமானியப் படை புதைத்துவிட்டுப் போன லட்சக்கணக்கான ஆணிகள் கிடைத்தன. குவியலின் வெளிப்புறத்து ஆணிகள் துருவேறிக் கட்டியாகிவிட்டன. உள்ளே இருந்தவற்றில் பல இன்றும் ஆணியாகவே இருக்கின்றன! இரும்பு ஒன்றுதான். வெளியே இருந்தவை ஆக்சிஜனை இழுத்துக்கொண்டதால் உள்ளே அது எட்டவில்லை.

பெட்டியின் ஆயுளை அது இருக்கும் இடமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

பின்லாந்தில் ஒன்கலோ என்ற அணுக்கழிவுப் புதைகிடங்கை, 400 மீட்டருக்கும் கீழே, பாறைக்குள் இதை மனத்தில் வைத்துத்தான் அமைத்திருக்கிறார்கள். பெட்டியின் உள்ளே வார்ப்பிரும்பு, அது அழுத்தத்தைத் தாங்கும். வெளியே 5 சென்டிமீட்டர் செம்பு. அது அரிப்பைத் தாங்கும். சுற்றிலும் பென்டோனைட் களிமண், ஈரம் பட்டால் உப்பி இடைவெளியை அடைத்துவிடும். மூடியபின் மிஞ்சிய ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். அப்புறம் செம்புக்குப் பெரிய எதிரி சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம். நிலத்தடி நீரில் சில பாக்டீரியாக்கள் அதை உண்டாக்கும். இறுக்கமான களிமண்ணில் அவை பெருகுவது கடினம். சல்ஃபைடும் மிக மெதுவாகவே நகர்ந்து வரும்.

இதே முறையைச் சுவீடனும் தேர்ந்தெடுத்தது. ஆனால் ஆக்சிஜனே இல்லாத நீரிலும் செம்பு அரிக்கும் என்று சில விஞ்ஞானிகள் வாதிட்டார்கள். 2018இல் அங்குள்ள சுற்றுச்சூழல் நீதிமன்றம், செம்புப் பெட்டி பற்றி இன்னும் ஆதாரம் வேண்டும் என்றது. அரசாங்கம் அனுமதி தந்தது 2022இல்தான். அந்தத் தாமதம் தேவையானது என்றே நான் நினைக்கிறேன்.

ஜூரோங் பாறைக் குகைகளில் வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவை எண்ணெயை நிரப்பவும் எடுக்கவும் கட்டிய கிடங்குகள். இதற்கு ஒருமுறை மூடினால் திறக்காத இடம் வேண்டும். அதோடு, கடல் உப்பிலுள்ள குளோரைடு துருப்பிடிக்காத எஃகையே துளைக்கக்கூடியது. பின்லாந்தின் பெட்டியை அப்படியே வாங்கி வைத்துவிட முடியாது. நம் பாறையில் ஊறும் நீரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சல்ஃபைடு, ஆழத்தில் எவ்வளவு சூடு என்பதை அளந்த பிறகே உலோகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.