எக்ஸான் 8-ஆ, 8ஏ-வா? டிமொதி சிண்ட்ரோமும் ஸ்ப்ளைசிங்கும்

[திரையில்: ஒரு நரம்புச் செல். வெளியே நெருக்கமாகக் கால்சியம் புள்ளிகள், உள்ளே அங்கொன்றும் இங்கொன்றும்.]

இந்தப் படத்தில் புள்ளிகளை ரொம்பவே குறைத்துத்தான் போட்டிருக்கிறோம். உண்மையில் செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தின் அடர்த்தி உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு அதிகம். அதனால் செல் சவ்வில் உள்ள கால்சியம் சேனல் கண நேரம் திறந்தாலே போதும், கால்சியம் உள்ளே பாய்ந்துவிடும். இதயம் துடிக்க, ஒரு நரம்புச் செல் இன்னொன்றுக்குச் சேதி சொல்ல, எந்த மரபணுவை இயக்குவது என்று செல் முடிவெடுக்க, எல்லாவற்றுக்கும் இந்தப் பாய்ச்சல் வேண்டும். ஆனால் திறந்த சேனல் சட்டென்று மூடவும் வேண்டும், ஸ்பிரிங் வைத்த கதவு மாதிரி.

டிமொதி சிண்ட்ரோம் என்ற மிக அரிய நோயில் அந்த ஸ்பிரிங் தளர்ந்துபோகிறது. விரல்கள் ஒட்டிப் பிறக்கும் குழந்தைகள், உயிருக்கே ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு, பலருக்கு ஆட்டிசம், சிலருக்கு வலிப்பு. காரணம் 2004-ல் தெரிந்தது. சேனலுக்கான சிஏசிஎன்ஏ1சி மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அதனால் புரதத்தின் 406-ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினின் என்ற இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான்.

சரி, ஸ்ப்ளைசிங் எங்கே வருகிறது?

[திரையில்: நீளமான ஆர்என்ஏ இழை, நடுவில் இரண்டு நிறத் துண்டுகள்.]

மரபணுவிலிருந்து எடுக்கும் ஆர்என்ஏ பிரதியை செல் அப்படியே பயன்படுத்துவதில்லை. தேவையில்லாத பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு, எக்ஸான் எனப்படும் துண்டுகளை மட்டும் ஒட்டுகிறது. இந்த வெட்டி ஒட்டும் வேலைதான் ஸ்ப்ளைசிங். இந்த மரபணுவில் 8, 8ஏ என்று இரண்டு எக்ஸான்கள் உண்டு. ஒரு பிரதியில் இரண்டில் ஒன்றுதான் இடம்பெறும். மூளை வளரும் தொடக்கத்தில் 8ஏ அதிகம், போகப்போக 8 அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டிமொதி சிண்ட்ரோமின் முதல் வகையில் பிழை இருப்பது 8ஏ-வில். போதாக்குறைக்கு, இவர்களுடைய நரம்புச் செல்களில் 8-க்கு மாறுவதும் ஒழுங்காக நடப்பதில்லை, பழுதான துண்டே தொடர்ந்து சேர்க்கப்படுகிறது.

ருமேனியாவில் மருத்துவம் படித்துவிட்டு ஸ்டான்ஃபோர்டுக்கு வந்த செர்ஜியூ பாஷ்கா இதை வருடக்கணக்காகத் துரத்தினார். நோயாளியின் மூளையைத் திறந்து பார்க்க முடியாதே! அவர்களுடைய தோல் செல்களை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து நரம்புச் செல்களை வளர்த்தார். அந்த ஆய்வு 2011-ல் வெளியானது. பிறகு ஆர்கனாய்டு எனும் குட்டி மூளைத் திசுக்கள். இரண்டு வகை ஆர்கனாய்டை ஒன்றோடொன்று ஒட்டவைத்தபோது, இடம்பெயர்ந்து போக வேண்டிய செல்கள் அடிக்கடி தாவினாலும் ஒவ்வொரு தாவலிலும் கொஞ்ச தூரமே நகர்வது தெரிந்தது.

2024-ல் வந்த ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சேனலை மருந்தால் அடைக்கலாமே என்று தோன்றும், ஆனால் அது நல்ல சேனல்களையும் சேர்த்து அடைத்துவிடும். மரபணுவைத் திருத்துவதும் சுலபமில்லை. பாஷ்கா குழு இரண்டையும் விட்டுவிட்டு, ஆர்என்ஏ-வில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிசென்ஸ் என்ற சிறு மூலக்கூறைத் தயாரித்தது. அது ஒட்டிக்கொண்டால் செல் 8ஏ-வைத் தவிர்த்து 8-ஐ எடுத்துக்கொள்ளும். நல்ல துண்டு ஏற்கெனவே மரபணுவுக்குள் இருக்கிறது, அதை எடுக்கவைத்தால் போதும். முதுகுத் தசைநார்ச் சிதைவு நோய்க்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சன் மருந்தும் ஸ்ப்ளைசிங்கை மாற்றுவதுதான், அதனால் வழி முற்றிலும் புதிதல்ல.

சோதித்த விதம் கொஞ்சம் விசித்திரம். மனித ஆர்கனாய்டை எலிக்குட்டியின் மூளையில் பதித்து வளர்த்து, பிறகு மூளையைச் சூழ்ந்த திரவத்தில் ஒரே ஒரு ஊசி. எலிக்குள் இருந்த மனித நரம்புச் செல்களில் 8ஏ குறைந்தது, கால்சியம் ஓட்டம் சீரானது.

இதெல்லாம் எலியில் நடந்தது. இரண்டாம் வகை நோயாளிகளுக்குப் பிழை எக்ஸான் 8-லேயே இருப்பதால் இந்த ஊசி உதவாது. அப்புறம், அந்தத் திரவத்தில் போடும் மருந்து மூளைக்கானது, இந்தக் குழந்தைகளின் உயிரைப் பறிப்பதோ பெரும்பாலும் இதயக் கோளாறு.