தட்டில் பெயர் இல்லாதவர்

எல்லாருக்கும் வணக்கம். கன்ட்ரி மியூசிக் என்று சொல்கிறோமே, அந்த அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு இசைத்தட்டுக்கு வந்த கதையைப் பேசச் சொன்னார்கள். 1923இல் அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சன் வயலின் வாசித்துப் பாடிய தட்டிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஆனால் என் மனசு பிரிஸ்டலுக்குத்தான் ஓடுகிறது. அங்கேயே போய்விடுகிறேன்.

பிரிஸ்டல் ஒரு விசித்திரமான ஊர். கடைத்தெருவின் நடுவே மாநில எல்லை போகிறது. ஒரு சிறகு டென்னஸி, எதிர்ச்சிறகு வர்ஜீனியா. 1927 ஜூலைக் கடைசியில் ரால்ஃப் பியர் என்பவர் அந்தத் தெருவில் காலியாகக் கிடந்த தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் ஒலிப்பதிவுக் கருவிகளை இறக்கினார். விக்டர் கம்பெனிக்காக வந்தவர். குழாய் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் படத்தை நம் வீடுகளில் எச்.எம்.வி. தட்டில் பார்த்திருப்பீர்கள், விக்டரின் சின்னமும் அதே நாய்தான். முதலில் பாட வருகிறவர்கள் கூட்டம் சேரவில்லை. எர்னஸ்ட் ஸ்டோன்மேன் என்ற பாடகர் முந்தின வருஷம் தட்டுகளில் 3,600 டாலர் சம்பாதித்தார் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. அப்புறம் மலைக்கிராமங்களிலிருந்து ஆட்கள் பான்ஜோவும் வயலினுமாக வந்து குவிந்தார்கள்.

அப்படி வந்தவர்கள்தான் கார்ட்டர் குடும்பம். ஏ. பி. கார்ட்டர், மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல். தம்பியின் காரை இரவல் வாங்கிக்கொண்டு, டயர் பாடாய்ப்படுத்த, மலைப்பாதையில் வந்து சேர்ந்தார்கள். சாராவுக்குக் கைக்குழந்தை, அதைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது மகளும் கூட வந்தாள். மேபெலுக்கு வயது 18, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 1, 2 தேதிகளில் ஆறு பாட்டு. அதில், கல்யாணமானவள் படும் பாட்டைச் சொல்லும் ஒரு பாட்டு சாராவுக்குப் பிடிக்கவே இல்லை. பியர் கேட்டுக்கொண்டதால் பாடினார். நன்றாக விற்ற தட்டுகளில் அதுவும் ஒன்று.

மேபெலின் கிதாரைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வலது கையைப் பாருங்கள். கட்டைவிரல் கீழ்ஸ்தாயிக் கம்பிகளில் பாட்டின் மெட்டையே வாசிக்கும். மெட்டின் இடைவெளிகளில் மற்ற விரல் மெல்லிய கம்பிகளை வருடித் தாளம் கொடுக்கும். ஒரு கிதார், கேட்பதற்கு இரண்டு பேர் வாசிப்பதுபோல இருக்கும். 1928இல் பதிவான ‘வைல்ட்வுட் ஃபிளவர்’ கேளுங்கள். கிதார் கற்கிறவர்கள் இன்றைக்கும் அந்தப் பாட்டில் கை பழகுகிறார்கள்.

ஆகஸ்ட் 4ஆம் தேதி ஜிம்மி ராஜர்ஸ் வந்தார். ரயிலில் பிரேக் பிடிக்கும் வேலை பார்த்தவர், காசநோய்க்காரர். முந்தின ராத்திரிதான் கூட வாசித்தவர்கள் பிரிந்து போயிருந்தார்கள். தனியாக இரண்டு பாட்டுப் பாடினார். அந்த நவம்பரில் பதிவான ‘ப்ளூ யோடல்’ அவரை நாடறியச் செய்தது. சொந்தக் குரலில் பாடிக்கொண்டே சட்டென்று குரலை உடைத்துக் கள்ளக்குரலுக்குத் தாவுவார். யோடல் என்பது அந்தத் தாவல்தான். அதற்குத்தான் ஜனங்கள் காசு கொடுத்தார்கள். 1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசிப் பதிவு. பாட்டுக்குப் பாட்டு கட்டிலில் படுத்து எழுந்துதான் பாடினார். பதிவு முடிந்த இரண்டாம் நாள் போய்விட்டார். 35 வயது.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். பியருக்கு வருமானம் பாட்டின் பதிப்புரிமையில் இருந்தது. அதனால் யாரும் உரிமை கோராத பாட்டுகள் அவருக்கு வேண்டும். ஏ. பி. மலைமலையாகத் திரிந்து பாட்டுச் சேகரித்தது இதனால்தான். அவரால் வரிகளை எழுதிக்கொள்ள முடிந்தது. மெட்டு மனசில் நிற்கவில்லை. அதற்குத் துணை போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞர். விபத்தில் ஒரு காலை இழந்தவர், வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. நிற வேறுபாட்டுச் சட்டங்கள் இறுகியிருந்த அந்தத் தெற்கில் இருவரும் சேர்ந்தே வீடு வீடாகப் போனார்கள். ஏ. பி. எழுதுவார், ரிடில் மெட்டைப் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் வாசித்துக் காட்டுவார். மேபெல் பார்த்தே கற்றுக்கொண்டார். ‘கேனன்பால் ப்ளூஸ்’ அப்படி ரிடிலிடமிருந்து வந்த பாட்டு.

தட்டில் கார்ட்டர் பெயர் இருக்கிறது. ரிடில் பெயர் இல்லை. எனக்கு இது ஆறவே இல்லை. ராஜர்ஸின் ஒன்பதாவது ‘ப்ளூ யோடல்’ தட்டில் டிரம்பெட் ஊதியவர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். அவர் பெயரையும் போடவில்லை. ஆனால் ஆர்ம்ஸ்ட்ராங்கை உலகம் அறியும். ரிடிலை யார் அறிவார்?

மேபெல் மறக்கவில்லை. அவர் சொல்லித்தான் 1960களில் மைக் சீகர் என்ற இசைக்கலைஞர் ரிடிலைத் தேடிப் போய்ப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் ரிடிலின் சொந்தப் பெயரோடு 1993இல் வெளியாயின. அவர் அப்போது உயிரோடு இல்லை. அதிலிருந்து ஒரு பாட்டை இப்போது போடுகிறேன், கேளுங்கள்.