அரண்டவன் கண்ணுக்கு ஓர் அறை வேண்டும்

அவைத் தலைவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, புறநோயாளிகளைப் பார்த்த கையோடு நேரே இங்கு வந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்து பெருமைப்படுத்திய வாசகர் வட்டத்துச் செயலாளர் அவர்களே, அரைமணி நேரமாக ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பி அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

மூளையியலையும் மருத்துவ உளவியலையும் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று செய்திகள். ஒன்று, பயம் மூளையில் எங்கே தங்குகிறது. இரண்டு, சிகிச்சை அதை எப்படித் தொடுகிறது. மூன்று, மனநோய்களுக்குப் பெயர் வைக்கும் முறையை மாற்ற வேண்டுமா.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்கிறோம். கவனியுங்கள், அறியாதவன் கண்ணுக்கு என்று சொல்லவில்லை. அரண்டவன்! எல்லாம் அறிந்தவனும் அரளுவான்.

ஜெனீவாவில் கிளபரேட் என்று ஒரு மருத்துவர். அவரிடம் 47 வயது அம்மா ஒருவர். புதிதாக எதுவும் நினைவில் நிற்காது. தினம் பார்க்கிற மருத்துவரையே தினமும் "நீங்கள் யார்?" என்பார். ஒருநாள் மருத்துவர் விரலிடுக்கில் குண்டூசியை ஒளித்துக்கொண்டு கை குலுக்கினார். சுருக்! வலித்தது; சற்று நேரத்தில் அந்த அம்மாவுக்கு மறந்தும் போயிற்று. பிறகு மருத்துவர் மறுபடி கையை நீட்டினார். அந்த அம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்றால், கையை இழுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா என்று எதிர்க்கேள்வி! விடாமல் கேட்டதும், சிலர் கையில் ஊசி இருக்குமே என்றாராம். (சிரிப்பு.) குத்தியவரைத் தெரியவில்லை, குத்து மட்டும் தெரிகிறது. இதை 1911இல் எழுதி வைத்தார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது!

காரணம் பின்னால் தெளிந்தது. 1995இல் பெச்சாரா, டமாசியோ என்ற மூளை ஆய்வாளர்கள் அமெரிக்காவில் வண்ணப் படங்களைக் காட்டி, ஒரு நிறத்துக்கு மட்டும் காதைப் பிளக்கும் கப்பல் ஊதலை ஒலிக்கவிட்டார்கள். மூளையில் பயத்தைப் பழகும் பகுதியான அமிக்டலா கெட்டவர், எந்த நிறத்துக்கு ஊதல் வரும் என்று சரியாகச் சொன்னார்; உள்ளங்கை வியர்க்கவில்லை. நடந்ததை நினைவில் பதியும் பகுதியான ஹிப்போகாம்பஸ் கெட்டவருக்கு வியர்த்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அறிவது ஓரிடம், அரள்வது வேறிடம். "நாய் ஒன்றும் செய்யாது, பயப்படாதே" என்ற நம் அறிவுரை பெரும்பாலும் போய்ச் சேருவது அறிகிற இடத்துக்கு. அரள்கிற இடம் பழகித்தான் கற்கும்.

எப்படிப் பழக்குவது? நாய்ப் பயத்தையே எடுத்துக்கொள்வோம். பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடச் சொல்லி ஒரு பட்டியல். நாய்ப் படம் 20, எதிர்ச்சாரியில் நாய் 40, பூட்டிய கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பது 60, சங்கிலியில் கட்டிய, தடுப்பூசி போட்ட வளர்ப்பு நாயைத் தடவுவது 90. ஒவ்வொரு முறையும், 'என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?' என்று முன்பே எழுதி வாங்கி, முடிந்ததும் ஒப்பிட வேண்டும். ஓர் அமர்வுக்கு 60 முதல் 90 நிமிடம்.

கெடுவது எங்கே? பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடினால், ஓடியதால் பிழைத்தேன் என்று மூளை கணக்கு எழுதும். கையில் கம்பு வைத்திருந்தால் பெயர் கம்புக்கு. அமர்வுக்கு முன் பதற்றம் தணிக்கும் ஆல்பிரசோலம் மாத்திரை போட்டால் பெயர் மாத்திரைக்கு. (அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரைக்கும் போகும்.) ஒரே நாய், ஒரே தெரு என்றால் அடுத்த தெருவில் பயம் திரும்பும். பழைய பயம் அழிவதில்லை, புதிய பாடம் பக்கத்தில் வந்து உட்காருகிறது, அவ்வளவுதான். அரண்டவன் கண் அரண்ட கண்தான், பார்க்கப் பழகுகிறது.

இது வெறும் பேச்சு வைத்தியம் என்பவர்களுக்கு: 1992இல் லாஸ் ஏஞ்சலிஸில் பாக்ஸ்டர் குழு, கை கழுவிக்கொண்டே இருப்பது போன்ற எண்ணச் சுழற்சி நோயாளிகளின் மூளையைப் படமெடுத்தது. ஃப்ளுவாக்ஸெடின் என்ற மருந்தில் குணம் கண்டவர்களுக்கும் சரி, இப்படிப் பழக்கும் நடத்தைச் சிகிச்சையில் குணம் கண்டவர்களுக்கும் சரி, காடேட் என்ற பகுதியின் அதிவேகம் தணிந்திருந்தது.

இப்போது தலைமை மருத்துவரைப் பார்த்தே கேட்கிறேன். 90 நிமிடத்துக்கு நம் வட்ட மருத்துவமனையில் இடம் எங்கே? புறநோயாளி வரிசையில், பத்துப் பேர் காதில் விழ, அரண்டவன் எதைச் சொல்வான்? மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மருத்துவ உளவியலாளருக்கு இடமுண்டு; அது மாவட்டத்தோடு நிற்கிறது. நாங்கள் கேட்பது இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவர், கதவுள்ள ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு சுவர்க் கடிகாரம். ஸ்கேன் எந்திரம் கேட்கவில்லை ஐயா!

மணி அடித்துவிட்டார்கள். மூன்றாவது செய்தி இன்னொரு நாளைக்கு. மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு வார்டு எண்ணையும் எழுதுங்கள், போன முறை அது இல்லாமல்தான் திருப்பிவிட்டார்கள்.