ஒரு ஷில்லிங் கொடுத்தால் இளவரசரும் அண்டை அயல்தான்: ‘வாக்ஸ்ஹால்’ அச்சுப்படம்

[திரையில் முழுப் படம்]

1785இல் லண்டனில் வெளியான அச்சுப்படம் இது. மூல ஓவியத்தை வரைந்தவர் தாமஸ் ரோலண்ட்சன். இடம், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருந்த வாக்ஸ்ஹால் பூங்கா. மேல்மாடத்தில் நின்று பாடுபவர் திருமதி வைக்செல், அந்தக் காலத்தில் பேர்பெற்ற பாடகி. பின்னால் வாத்தியக் குழு.

சரி, கீழே நிற்கும் கூட்டத்தில் அவர் பாட்டுக்குக் காது கொடுப்பவர்கள் எத்தனை பேர்?

[நடுப்பகுதி பெரிதாகிறது]

கைகோத்து நிற்கும் இந்த இருவரும் டெவன்ஷயர் கோமகள் ஜார்ஜியானாவும் அவர் தங்கையும் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஒருவர் கண்ணாடியை உயர்த்தி அவர்களை உற்றுப் பார்க்கிறார். வலப்பக்கம் வேல்ஸ் இளவரசர் நடிகை மேரி ராபின்சனின் காதருகே குனிந்து ஏதோ சொல்கிறார். அந்தப் பெண்ணின் கையோ இன்னொருவர் கையோடு கோத்திருக்கிறது! ஊர் வம்பு முழுவதையும் ரோலண்ட்சன் இந்த ஒரு மூலையிலேயே சொல்லிவிடுகிறார்.

இளவரசருக்கு இவ்வளவு அருகில் சாதாரண மக்கள் எப்படி வந்தார்கள்? ஜோனதன் டையர்ஸ் 1729இல் இந்தத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். 1792 வரை அதுதான் வழக்கமான கட்டணம். கூலித் தொழிலாளிக்கு அது பெரிய தொகைதான். ஆனால் கொடுத்துவிட்டால் பிரபுவும் கடைக்காரரும் நடப்பது ஒரே பாதையில். பிறப்பே எல்லாவற்றையும் தீர்மானித்த காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

[இடது கீழ் மூலை]

உணவு மேசையில் இருப்பவர்களில் அறிஞர் சாமுவேல் ஜான்சனும் எழுத்தாளர் கோல்ட்ஸ்மித்தும் உண்டு என்பார்கள். கோல்ட்ஸ்மித் 1774இலேயே காலமாகிவிட்டார். அந்த அடையாளம் சரியென்றால், இது ஏதோ ஓர் இரவின் பதிவு அல்ல. ஒரு தலைமுறையையே ஓவியர் ஒரே இரவில் கூட்டிவைத்திருக்கிறார்.

[மரங்களின் நிழல் பெரிதாகிறது]

கோடுகளைச் செம்புத் தகட்டில் பொறித்தவர் ராபர்ட் போலார்ட். இந்த மென்மையான நிழல் பிரான்சிஸ் ஜூக்ஸின் கைவண்ணம். முறையின் பெயர் அக்வாடின்ட். தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைப்பார்கள். அமிலம் துகள்களின் இடுக்குகளில் மட்டும் அரிக்கும். அதிக நேரம் அரித்த இடம் அதிகம் மை பிடித்துக் கருமையாகும். வெறும் கோடுகளால் இந்த மர நிழலை இவ்வளவு இதமாகக் கொண்டுவந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

பூங்கா 1859இல் மூடப்பட்டது. 1784இல் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைக்கப்பட்ட மூல நீர்வண்ண ஓவியம் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.