பக்கத்தில் அமர்ந்தவர் கேட்ட கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் நடக்கும். உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா, கறுப்புக் காலிகோ அட்டை போட்ட வேதப்புத்தகத்தை நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வரிசையாக வாசிப்பார். எண்ணாகமம் வந்ததும் மட்டும் அவருக்கு வேகம் கூடிவிடும். கோத்திரம் கோத்திரமாக ஆள் கணக்கு எடுக்கும் அதிகாரங்களில் முதல் நான்கு வசனங்களை வாசித்துவிட்டுக் கடைசி வசனத்துக்குத் தாவி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். அடுப்படியில் ரசம் ஆறிக்கொண்டிருந்ததால் யாரும் ஆட்சேபித்ததில்லை.

பிற்காலத்தில் மொழிபெயர்ப்பே எனக்குப் பிழைப்பானபோதுதான் அந்தத் தாவலின் அருமை விளங்கியது. வாசிக்கிறவருக்கு ஒரு வரியைத் தாண்டிப் போகும் சுதந்திரம் உண்டு. பிரசங்கம் செய்கிறவருக்குத் தமக்கு வசதியான வசனத்தைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் உண்டு. மொழிபெயர்க்கிறவருக்கோ இவை இரண்டும் கிடையா. மறைநூலைச் சந்தேகிக்கிறவர் அதன் பகைவராகத்தான் இருப்பார் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். அந்த நூலை வரி விடாமல் இன்னொரு மொழியில் சொல்லியாக வேண்டிய நிலையில், அதற்கு மிக அருகில் அமர்ந்திருப்பவரிடமிருந்தே கூர்மையான கேள்வி பிறக்கிறது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நேட்டால் என்ற ஆங்கிலேயக் குடியேற்றத்துக்கு 1853இல் முதல் ஆங்கிலிக்கன் பேராயராக நியமிக்கப்பட்டவர் ஜான் வில்லியம் கொலென்சோ. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர்; அவர் எழுதிய எண்கணிதப் பாடநூல்கள் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவலாக வழங்கிவந்தன. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கு அருகே மிஷன் நிலையம் அமைத்து, சூலு மொழியைக் கற்று, அதற்கு இலக்கணமும் அகராதியும் எழுதி, வேதாகமத்தை அம்மொழியில் பெயர்க்கத் தொடங்கினார். அந்த வேலையில் அவருடன் உட்கார்ந்தவர் வில்லியம் ங்கிடி என்ற சூலு கிறிஸ்தவர்.

ஆதியாகமத்தில் ஜலப்பிரளயக் கதையைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது ங்கிடி நிமிர்ந்து பார்த்து, இதெல்லாம் உண்மைதானா என்று கேட்டார். வெப்ப நாட்டிலும் குளிர் நாட்டிலும் உள்ள மிருகங்களும் பறவைகளும் ஊர்வனவும் ஜோடி ஜோடியாக வந்து பேழைக்குள் ஏறினவா, அவை எல்லாவற்றுக்கும், ஊன் தின்னும் விலங்குகளுக்கும்கூட, நோவா தீனி சேர்த்துவைத்தாரா என்பது கேள்வி. மாடு வளர்க்கும் சமூகத்தில் பிறந்தவர் தீனியைப் பற்றிக் கேட்டதில் வியப்பில்லை. எனக்கும் ஏழு வயதில் அந்தக் கேள்வி எழுந்தது. பேழையில் சிங்கம் எதைச் சாப்பிட்டது என்று தாத்தாவிடம் கேட்டேன். "முதல்ல நீ சாப்பிடு, வா" என்றார். அன்றைக்கு அது போதுமானதாகவே இருந்தது.

பேராயருக்கு அந்தச் சந்தேகம் புதிதன்று. பிரான்சு நாட்டின் பழைய எரிமலைக் குன்றுகளில் கிடக்கும் இலேசான சாம்பலும் நுரைக்கல்லும், உலகையே மூடிய வெள்ளம் ஒன்று வந்திருந்தால் அடித்துச் செல்லப்பட்டிருக்க வேண்டியவை என்று நிலவியலார் எழுதியதை அவர் முன்பே படித்திருந்தார். படித்ததைத் தனியாக ஒரு மூலையில் வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்ய அவரால் முடிந்திருந்தது. தம்மை நம்பி முகத்தைப் பார்த்துக் கேட்கும் ஒருவரிடம் அப்படிச் செய்ய முடியவில்லை. ஆண்டவரின் பெயரால் பொய் சொல்லலாமா என்ற சகரியா தீர்க்கதரிசியின் சொல் அப்போது தம் நெஞ்சில் எழுந்ததாக அவர் எழுதுகிறார். ஆனாலும் ங்கிடிக்கு அந்த நேரத்துக்குத் திருப்தி தரும் ஒரு பதிலைச் சொல்லிச் சமாளித்ததையும் அவரே ஒப்புக்கொள்கிறார்.

இதைவிடக் கடினமான இடம் யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரத்தில் வந்தது. எஜமான் கோலால் அடித்த அடிமை உடனே சாகாமல் ஓரிரு நாள் உயிரோடிருந்தால் எஜமானுக்குத் தண்டனை இல்லை, ஏனென்றால் அடிமை அவனுடைய பணம் என்கிறது அந்தச் சட்டம். மனித குலத்துக்கெல்லாம் தகப்பன் என்று தனக்குக் கற்பிக்கப்பட்ட கடவுள் ஒரு வேலைக்காரனை வெறும் பணம் என்று சொல்லியிருப்பாரா என்று உடனிருந்த சூலு உதவியாளரின் உள்ளம் முழுவதும் கொதித்தெழுந்ததைத் தம்மால் மறக்கவே முடியாது என்கிறார் கொலென்சோ. பேழையைப் பற்றிய கேள்வி அறிவு சார்ந்தது. இந்தக் கேள்வியோ அந்த மதமே ஊட்டிய அன்பிலிருந்து எழுந்து, அந்த மதத்தின் நூலை நோக்கித் திரும்பியது. இரண்டாவதுதான் பதில் சொல்லக் கடினமானது என்பது என் கருத்து.

அதன்பின் பேராயர், எங்கள் தாத்தா தாண்டிப்போன அதே பக்கங்களில் போய் உட்கார்ந்தார். போருக்குத் தகுதியான ஆண்கள் 6,03,550 பேர் என்றும், ஆண்களில் தலைப்பிள்ளைகள் 22,273 பேர் என்றும் எண்ணாகமம் சொல்கிறது. சிறுவர்களையும் சேர்த்து ஆண்கள் ஏறத்தாழ 9 லட்சம் என்று கொண்டால், ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 40க்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். சபை முழுவதும் ஆசரிப்புக் கூடார வாசலில் கூடியது என்கிறது லேவியராகமம்; 18 அடி அகலமுள்ள அந்த வாசலில் ஒன்பது ஒன்பது பேராக நெருக்கி நிறுத்தினால் வரிசை 20 மைல் அளவுக்கு நீளும் என்று கணக்கிட்டார். வாத்தியார் வாத்தியார்தான் என்று தோன்றுகிறது.

இந்தக் கணக்குகள் 1862இல் நூலாக வெளிவந்ததும் இங்கிலாந்தே கொந்தளித்தது. சூலுக்களை மனம் திருப்பப் போனவரை ஒரு சூலு மனம் திருப்பிவிட்டான் என்று கேலி பேசினார்கள். 1863இல் கேப்டவுன் பேராயர் ராபர்ட் கிரே அவரை விசாரித்துப் பதவியிலிருந்து நீக்கினார். 1865இல், பேரரசின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், கிரேக்கு அப்படி விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று தீர்த்தது. அந்த 40க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றித் தீர்ப்பு வாய் திறக்கவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் நம் பக்கத்திலும் ஒருவர் மொழிபெயர்ப்பாளரின் அருகில் அமர்ந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் வேதாகமத் தமிழாக்கத்துக்கு உதவிய நல்லூர் ஆறுமுக நாவலர்தான் அவர். நாவலர் கடைசிவரை சைவராகவே இருந்தவர். வரி வரியாகத் தமிழாக்கிய பழைய ஏற்பாட்டில் ஆலயமும் விளக்கும் தூபமும் தீட்டுக் கழித்தலும் கடவுளின் கட்டளைகளாகவே இருப்பதைக் கண்டவர், சைவ வழிபாட்டில் இவற்றையே பழிக்கும் மிஷனரிகளைப் பார்த்து, உங்கள் நூலில் இருப்பது என்ன என்று 1854இல் ஒரு நூலே எழுதிக் கேட்டார். அவர் தம் பக்கத்துக் கோயில்களையும் சும்மா விடவில்லை. ஆகமத்துக்குப் புறம்பான நடைமுறைகளைச் சாடினார். ஆனால் ஆகமத்தை வைத்து நடைமுறையைச் சோதித்தாரே தவிர, ங்கிடியின் கேள்வியை ஆகமத்தை நோக்கி அவர் திருப்பவில்லை. அவருடைய புலமைக்கு முன் நான் சிறியவன். இருந்தாலும் இந்தக் குறை எனக்கு உறுத்துகிறது.

கொலென்சோவை நாத்திகர் என்று நினைத்துவிட வேண்டாம். கிரேயின் தரப்பார் அதே ஊரில் போட்டிப் பேராயர் ஒருவரை அமர்த்திய பிறகும், அவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தேவாலயத்தில் ஆராதனை நடத்திக்கொண்டும், விமரிசன நூலின் பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டுக்கொண்டும் இருந்தார். 1873இல் ஹ்லூபி மக்களின் தலைவர் லங்கலிபலேலே கலகக்காரர் என்று பிடிக்கப்பட்டு, விசாரணை என்ற பெயரில் நடந்த ஒன்றுக்குப் பின் ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டபோது, அவருக்காக வாதாடப் பேராயர் லண்டன்வரை போனார். சந்தேகத்தைக்கூட ஓரளவு பொறுத்துக்கொண்ட வெள்ளையர்கள் இதற்காக அவரை வெறுத்தார்கள். சூலுக்கள் அவரை மக்களின் தந்தை என்ற பொருளில் சொபன்ட்டு என்று அழைத்தார்கள். 1883இல் இறந்தவரை அந்தத் தேவாலயத்தின் பீடத்துக்கு முன்னால்தான் அடக்கம் செய்தார்கள்.

ங்கிடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1862இல் வந்த நூலுக்குப் பேராயர் எழுதிய புகழ்பெற்ற முன்னுரையில் அவர் பெயர் இல்லை. குழந்தையின் பணிவும் முதிர்ந்தவரின் பகுத்தறிவும் கொண்ட ஓர் எளிய சுதேசி என்றுதான் பேராயர் குறிப்பிடுகிறார். அன்பாகச் சொன்னதுதான் என்றாலும் அதில் பெரியதனம் தொனிக்கிறது. ங்கிடியின் பேச்சை அவருடைய சொற்களிலேயே படிக்க வேண்டுமென்றால், 1859இல் பேராயருடன் சூலு மன்னர் ம்பாண்டேயைக் காணச் சென்ற மூன்று பேரின் பயணக் குறிப்புகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். மிஷன் அச்சகம் அதை வெளியிட்டது. மூன்று பேரில் ஒருவராக அங்கே வில்லியம் என்ற பெயர் இருக்கிறது.

வணக்கம்.